குறூன்கோல் சோறும் ஒரு தாச்சித் தாளிதமும்

போன மாதம் ஆரணி ரெலிபோன் எடுத்தாள். ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் அலுவலகங்கள் இருக்கும் ஒரு கட்டடத்தின் கன்ரீனில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். இப்போது அங்கே அவள் சமையற்காரி. இங்கேயே பிறந்து, முறையாக மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, சான்றிதழோடு குசினிக்குள் நுழைந்த பிள்ளை.

"அன்ரி, எல்லாச் சாப்பாட்டையும் கொம்பியூட்டரிலை ஏத்தச் சொல்லிப்போட்டினம். உங்கடை குறூன்கோல் சோத்தின்ரை செய்முறைத் தாளைப் பாத்தன். கடைசி வரியிலை 'கடுகு இல்லை' எண்டு எழுதி மூண்டு கோடு போட்டிருக்கு. போடாத சாமானை ஏன் அன்ரி தாளிலை எழுதினனீங்கள்?"

அளவுகளை அப்போதே சொல்லிவிட்டேன். மூன்று கோட்டின் காரணத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி ரெலிபோனை வைத்தேன். சமைக்கிற பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான். எனக்குப் பெருமை தருகிற கதை அல்ல.

நான் ஜேர்மனிக்கு வந்த கதையை விரிக்கப்போவதில்லை. அப்படி ஒரு கதை இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கன்ரீனில் முதல் பதினொரு வருடமும் பாத்திரம் கழுவினேன். டொச் என்கிற என் ஜேர்மன் மொழி முழுக்க அந்த நீராவிக்குள் படித்ததுதான்: தட்டு, கரண்டி, சூடு, கவனம், கெதியாய். ஒரு குளிர்காலம் இரண்டு சமையற்காரர்கள் ஒரே நேரத்தில் காய்ச்சலில் விழ, செஃப் என்னிடம் ஒரு கத்தியைத் தந்து ஒரு மூட்டை வெங்காயத்தைக் காட்டினார். அரை மணித்தியாலத்தில் வெட்டி முடித்தேன். அவர் வெங்காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். அடுத்த மாதம் அடுப்படிக்கு மாற்றப்பட்டேன்.

அந்தச் செஃப்பின் பெயர் ஹோல்கர். ஆறடிக்கு மேல் உயரம், வடகடல் கரையில் பிறந்தவர். அவர் பேசியதெல்லாம் டொச்சில்தான். ஆனால் என் நினைவில் அவர் நல்ல யாழ்ப்பாணத்தானாகவே பேசுகிறார், அப்படியே எழுதுகிறேன். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. கத்துகிற செஃப்மாரிடம் வேலை செய்த என் சினேகிதிகள் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! கோபம் ஏற ஏற ஹோல்கரின் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் கிட்டப்போய்க் காதைக் கொடுத்துத்தான் ஏச்சு வாங்கவேண்டும்.

சட்டைப் பையில் மூன்று கரண்டி, காதில் ஒரு பென்சில். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு தாள். "தாளிலை இல்லாதது சட்டியிலை இருக்கக்கூடாது" என்பதுதான் அவருடைய வேதம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நாங்கள் சொல்வோம். அவருக்கோ தாளில் இருந்தால்தான் சட்டியிலேயே வரும்.

பதினொன்றேகாலுக்கு அவர் வெப்பமானியோடு வருவார். ஒவ்வொரு தட்டத்தின் நடுவிலும் அதைக் குத்தி, சூட்டைத் தாளில் குறிப்பார். பிறகு கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் இரண்டு பிடியளவு சாப்பாட்டைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, மூடி, பெயரும் நாளும் நேரமும் எழுதி, கையெழுத்து வைத்து, உறைபெட்டிக்குள் வைப்பார். ஒரு வாரத்துக்கு மேல் அது அங்கே இருக்கும். சாப்பிட்ட யாருக்காவது ஏதாவது நடந்தால் அந்தக் கிண்ணம்தான் சாட்சி. அதோடு, பரிமாறும் இடத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஓர் அட்டை நிற்கும். கோதுமைக்கு ஓர் எழுத்து, பாலுக்கு ஓர் எழுத்து, கடுகுக்கு ஓர் எழுத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைப் பார்த்துத்தான் தட்டை நீட்டுவார்கள்.

அப்படிப் பார்ப்பவர்களில் ஒருவர் லூடர்ஸ். இரண்டாம் மாடியில் கப்பல் நேரங்களைக் கவனிக்கிற மனிதர், அறுபதை நெருங்கியவர். அவருக்குக் கடுகு ஆகாது. மற்றவர்களுக்கு ஆகாது என்றால் வயிறு ஊதும், தோல் கடிக்கும். அவருக்குத் தொண்டை அடைக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அட்டையை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் சாப்பாடு வாங்குவார்.

இனிச் சோற்றின் கதை. குறூன்கோல் என்பது சுருள் சுருளான இலைக்கோவா. பனி விழுந்த பிறகு பிடுங்கினால் இனிப்பு ஏறும். வடக்கு ஜேர்மனியில் குளிர்காலம் என்றால் இதுதான். வாத்துக் கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, கீரையைப் போட்டு, இரண்டு மணித்தியாலம் அவியவிட்டு, கடைசியில் ஒரு கரண்டி கடுகுப் பசை சேர்த்து, புகையூட்டிய பன்றி இறைச்சியோடு சாப்பிடுவார்கள். இரண்டு மணித்தியாலம்! முதல்தரம் பார்த்தபோது அந்தக் கீரை என்ன குற்றம் செய்தது என்று நினைத்தேன்.

ஒருநாள் அவிக்காமல் மிஞ்சிய குறூன்கோலில் ஒரு பிடியை எடுத்து, முருங்கையிலை வறுக்கிற மாதிரி வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு எனக்கு ஒரு வறை செய்தேன். பத்து நிமிட வேலை. செஃப் மணத்துக்கு வந்தார். பையிலிருந்த மூன்று கரண்டிகளில் ஒன்று வெளியே வந்தது.

"இது அவியேல்லை" என்றார்.

"செஃப், நீங்கள் செய்யிறது அவிஞ்சு செத்துப்போச்சு" என்றேன்.

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். பிறகு மூன்று வாரம் இருவரும் அந்தக் கீரையை வைத்துச் சண்டை பிடித்தோம். கடைசியில் பிறந்ததுதான் இந்தச் சோறு. நெய்யிலும் வாத்துக் கொழுப்பிலும் பாதிப்பாதி. கறுவா, ஏலக்காய், றம்பை இலை, மஞ்சள் போட்டுத் தேங்காய்ப் பாலில் அவித்த சோறு. இருபது நிமிடம் வெந்த குறூன்கோல். அவர் நூறு நிமிடம் இறங்கி வந்தார், நான் பத்து நிமிடம் ஏறினேன். புகையூட்டிய இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக்கி, என் கறித்தூளில் பிரட்டி முறுக வறுத்துக் கலப்பது. எல்லாவற்றையும் அவர் நிறுத்து நிறுத்து எழுதினார்.

"கடுகுப் பசை வேண்டாம். லூடர்ஸும் சாப்பிடட்டும்" என்றார். ஓம் என்றேன்.

புதன்கிழமைதோறும் இந்தச் சோறு என்று முடிவானது. முதல் இரண்டு வாரமும் தாளில் உள்ளபடியே சமைத்தேன். எல்லாரும் நல்லது என்றார்கள். எனக்குத்தான் வாய்க்குப் பிடிக்கவில்லை. ஏதோ குறைந்தது. தலை வாராமல் கோயிலுக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தது அந்தச் சோறு. மூன்றாவது புதன்கிழமை செஃப் வந்து சூடு பார்த்து, கிண்ணத்தில் எடுத்து, கையெழுத்து வைத்துவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போனார். தட்டத்தை வெளியே கொண்டுபோக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. என் கை தன் பாட்டில் தாச்சியை அடுப்பில் வைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்து என் அலுமாரியில் வைத்திருந்த போத்தல்களை எடுத்தேன். எண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. வெடித்ததும் சோற்றின் மேல் கொட்டிக் கிளறினேன்.

கடுகும் அந்த மஞ்சள் பசையும் ஒன்றுதான் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். இந்தக் கதையில் என்னை உறுத்துவதே அதுதான். எங்களுக்குச் சமையல் வேறு, தாளிதம் வேறு. ஒரு கறிக்கு என்னென்ன போட்டாய் என்று எந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். காய் சொல்வாள், தூள் சொல்வாள், பால் சொல்வாள். கடுகைச் சொல்லமாட்டாள். அது சாமான் அல்ல, கறியை இறக்குகிற பழக்கம். லூடர்ஸுக்குக் கடுகு ஆகாது என்பது என் தலையில் இருந்தது. கை தலையைக் கேட்கவில்லை.

அன்றைக்குக் கப்பல் ஒன்று பிந்தியதால் லூடர்ஸும் பிந்தித்தான் வந்தார். அட்டையை இரண்டு தரம் வாசித்தார். தட்டத்தில் இருந்த கடைசிச் சோற்றைச் சுரண்டி நானே அவருக்குப் போட்டேன். "மணம் நல்லாயிருக்கு, ஃப்ராவ் சிவா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பார். எழும்பினார். கழுத்தைப் பிடித்தார். முகம் சிவந்து, உதடு தடித்து, கண் இமை வீங்கியது. தட்டு விழுந்து உடைந்தது. அவர் எந்த நேரமும் வைத்திருக்கிற ஊசி மேல்மாடியில், கதிரையில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. ஒரு பெண் படியில் ஓடினாள். அவள் திரும்பி வந்து அதை அவருடைய தொடையில் குத்தும் வரைக்கும் அந்த மனிதர் மூச்சுக்கு இழுத்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

நான் விளக்குமாறோடு போனேன். வெள்ளைத் தரையில் மஞ்சள் சோறு சிதறிக் கிடந்தது. அதற்கு நடுவில் கறுப்புக் கறுப்பாகக் கடுகு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று பள்ளிக்கூடத்தில் கத்திப் பாடமாக்கிய எனக்கு அன்றைக்குத்தான் அதன் பொருள் தெரிந்தது. அப்போதே செஃப்பைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூட்டினேன். கூட்டி அள்ளி வாளிக்குள் போட்டு மூடினேன். வெறும் தட்டத்தை நானே கழுவினேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, பதினொரு வருடம் அதைத்தானே செய்தேன்.

மிஞ்சியது அந்தக் கிண்ணம் மட்டும். தாளிதம் கொட்டுவதற்கு முதல் எடுத்த கிண்ணம்.

மாதிரி பரிசோதனைக்குப் போனது. ஒரு வாரம் கழித்துச் செஃப் ஒரு கடிதத்தோடு வந்தார். "கடுகு இல்லை. ஒரு துளியும் இல்லை. எங்கடை குசினி சுத்தம்" என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

லூடர்ஸ் பிழைத்து வேலைக்குத் திரும்பியிருந்தார். கடுகு இல்லையென்றால் வேறு எதுவோ புதிதாக ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது என்று வைத்தியர்கள் முடிவெடுத்தார்கள். அரிசியோ, தேங்காயோ, ஏலக்காயோ, எதுவென்று தெரியாது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க வைத்தியர் குறித்துத் தந்த தெர்மின் நாலு மாதம் தள்ளியிருந்தது. அதற்கிடையில் அவர் எதையும் நம்பிச் சாப்பிடத் துணியவில்லை. வீட்டிலிருந்து ஒரு பெட்டியில் காய்ந்த மொறுமொறுப்பு ரொட்டியும் இரண்டு அவித்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து, அதே மேசையில் இருந்து, ஒவ்வொரு கடிக்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்துப் பொறுத்துச் சாப்பிட்டார். பரிமாறுகிற இடத்திலிருந்து பார்த்தால் அந்த மேசை நேரே தெரியும்.

என் மனுசனிடம் மட்டும் சொன்னேன். காலையில் எஸ்-பான் ரெயிலில் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவோம். அவர் யன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேப்பரே கடுகு இல்லையெண்டு சொல்லுது. பிறகு நீ ஏன் வாயைக் குடுக்கிறாய்?"

"அந்தாள் ஒண்டும் சாப்பிடுறாரில்லையப்பா."

"சாப்பிடாமல் ஆரும் சாகேல்லை. நீ சொன்னால் வேலை போகும். பதினொரு வருசம் தண்ணிக்குள்ளை நிண்டு எடுத்த அடுப்பு. யோசி."

யோசித்தேன். அவர் சொன்னது பிழையும் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு வேலை நேரம் முழுக்கக் குறுகுறுத்தது. லூடர்ஸ் பெட்டியைத் திறக்கும்போது நான் உறைபெட்டி அறைக்குள் போய் நிற்கத் தொடங்கினேன். அடுத்த திங்கட்கிழமை அவர் என்னிடம் வந்து கேட்டார்.

"ஃப்ராவ் சிவா, ஏலக்காய் வேறை எந்தெந்தச் சாப்பாட்டிலை இருக்கும்? என்ரை மகளுக்குக் கலியாணம் வருது. கேக்கிலை போடுவினமோ?"

மகளின் கலியாணத்தில் கேக் சாப்பிடலாமா என்று அந்த மனிதர் என்னிடமே வந்து கேட்கிறார். அதற்குமேல் என்னால் ஏலவில்லை. அன்றைக்கு வேலை முடிந்ததும் செஃப்பின் சின்ன அறைக்குப் போனேன்.

"செஃப், அது கடுகுதான். நான்தான் போட்டனான். நீங்கள் கிண்ணம் எடுத்த பிறகு."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "முதலிலையிருந்து சொல்லும். மெதுவாய்" என்றார். சொன்னேன். தாச்சி, எண்ணெய், கடுகு, செத்தல், கறிவேப்பிலை. கூட்டி அள்ளியதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தார்.

"பன்ரண்டு நாள்" என்றார். நான் முன்னால் குனிந்துதான் அதைக் கேட்டேன். அவ்வளவு மெதுவாக இருந்தது.

"வேலையாலை நிப்பாட்டுவியளோ?"

"அது பிறகு. முதல் மேலை வாரும். எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லும்."

அத்தனை வருடத்தில் அந்த இரண்டாம் மாடிக்கு நான் போனதே இல்லை. கம்பளம் விரித்த தரையில் குசினிச் சப்பாத்தோடு, ஏப்ரனோடு நடந்தேன். லூடர்ஸ் எழும்பிக் கதிரை காட்டினார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். டொச் வசனங்கள் உடைந்து உடைந்துதான் வந்தன. செஃப் உதவிக்கு ஒரு சொல்லும் தரவில்லை.

"அப்ப அரிசி?" என்று லூடர்ஸ் கேட்டார்.

"அரிசி ஒண்டும் செய்யாது."

"தேங்காய்? ஏலக்காய்?"

"ஒண்டும் செய்யாது. கடுகு மட்டும்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் வந்தது கோபம் அல்ல, ஆறுதல். அதைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது. பிறகு கண்ணைத் திறந்து கேட்டார்: "உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்ல அந்த ஓர் இடம் இருந்தது. "அண்டைக்கே" என்றேன். "தரையிலை கிடந்ததைக் கண்டனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "கை தவறினதை நான் மன்னிப்பன். கூட்டி அள்ளினதை எனக்கு ஏலாது. இனி நீங்கள் சமைக்கிறதை நான் சாப்பிடமாட்டன்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

மேலிடத்துக்கும் சுகாதாரப் பகுதிக்கும் செஃப் எல்லாவற்றையும் எழுதி அறிவித்தார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவருக்கும் வந்தது. மாதிரி எடுத்த பிறகு சட்டியைத் தனியே விட்டுப்போனது தன் பிழை என்று அவரே எழுதியிருந்தார். என்னை மூன்று மாதம் மறுபடி பாத்திரம் கழுவ விட்டார்கள். நான் முறைப்படவில்லை. திரும்பி அடுப்படிக்கு வந்த அன்று, செஃப் பழைய தாளை என் முன்னால் வைத்து, பென்சிலையும் தந்தார். கடைசி வரியை நானே எழுதினேன். மூன்று கோட்டையும் நானே போட்டேன். அதற்குப் பிறகு எங்கள் குசினியில் மாதிரிக் கிண்ணம், தட்டம் வெளியே போகிற அந்த நிமிடத்தில், இரண்டு பேர் பார்த்திருக்கத்தான் எடுக்கப்படுகிறது. கடுகுக்குப் பதிலாக நற்சீரகத்தைத் தாளிலும் எழுதித் தாளித்தேன். உண்மையைச் சொன்னால், சோற்றுக்கு அதுதான் இன்னும் பொருத்தம்.

லூடர்ஸ் சொன்ன சொல் மாறாத மனிதர். நான் நிற்கிற வரிசைக்கு ஒருநாளும் வரமாட்டார். அடுத்த வரிசையில் சூப்போ பாணோ வாங்கிக்கொண்டு போவார். காலை வணக்கம் சொல்வார், பனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார். மகளின் கலியாணப் படத்தைக்கூட ஒருநாள் காட்டினார், அதில் அவர் கையில் கேக் துண்டோடு நின்றார். சாப்பாடு மட்டும் இல்லை. ஐந்து குளிர்காலம் அப்படிப் போனது. எனக்கு வலித்தது. வலிக்கத்தான் வேண்டும் என்றும் நினைத்துக்கொள்வேன்.

அவர் ஓய்வுபெற்ற நாள் ஒரு புதன்கிழமையாக அமைந்தது. பன்னிரண்டு மணிக்குச் சனம் நிறைந்திருந்த நேரம். தலையை நிமிர்த்தினேன், என் வரிசையில் அவர் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அட்டையை எடுத்தார். வாசிக்காமல் கவிழ்த்து வைத்தார்.

"அட்டை வேண்டாம். என்னென்ன போட்டனீங்கள் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

நான் தண்ணீரில் தொடங்கினேன். தண்ணீர், உப்பு, அரிசி. நெய், வாத்துக் கொழுப்பு. வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய். கறுவா, ஏலக்காய், றம்பை, மஞ்சள். தேங்காய்ப் பால், தேங்காய்ப்பூ. குறூன்கோல். புகையூட்டிய இறைச்சி. கறித்தூள், அதற்குள் மல்லி, செத்தல், மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம். பின்னால் வரிசை நீண்டது, யாரோ செருமினார்கள், அவர் திரும்பவில்லை. தாளிதத்துக்கு எண்ணெய், நற்சீரகம், செத்தல், கறிவேப்பிலை.

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தட்டை நீட்டினார். ஓர் அகப்பை போட்டேன். தட்டு நகரவில்லை.

"இன்னும் ஒண்டு போடுங்கோ" என்றார்.